ரஹ்மத்துல்லாஹ் என்றொரு ஊரா?

பிரான்சு நாட்டின் தென்கரையில், மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி ஒரு குன்றின்மேல் அமர்ந்திருக்கும் சிற்றூர் ரமத்துவெல். மக்கள்தொகை ஏறத்தாழ இரண்டாயிரம். செல்வந்தர்களின் உல்லாசப் படகுகளுக்குப் பெயர்போன சான் துரோபே துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் ஆரவாரத்தைத் தாண்டி இந்தக் குன்றுக்கு ஏறி வருகின்ற பயணிகளுக்கு உள்ளூர்க்காரர்கள் முதலில் சொல்லும் செய்தி ஒன்றுண்டு. ஊரின் பெயர் அரபியிலிருந்து வந்ததாம்! ‘ரஹ்மத்துல்லாஹ்’, அதாவது இறைவனின் அருள் என்பதே நாளடைவில் ரமத்துவெல் ஆனதாம்.

இதைக் கேட்டவுடன் நம் நெஞ்சு நிமிர்கிறது. காரைக்கால், புதுச்சேரி வழியாகப் பிரான்சில் குடியேறிய நம் குடும்பங்கள் சில உண்டு. விடுமுறைக்குத் தென்கரை செல்லும் அவர்கள் பிள்ளைகளுக்கு ஆசையோடு சொல்லத்தக்க கதைதான். ஆனால் ஆராய்ந்தவர்கள் வேறு கூறுகிறார்கள். ரோமானிய அறிஞர் பிளினி, இக்கரையில் வாழ்ந்த ‘கமதுல்லிசி’ என்னும் பழங்குடியைக் குறிப்பிட்டிருக்கிறார். அக்குடியின் பெயரே ஊருக்கு நின்றது என்பதுதான் பொருத்தமான விளக்கம். ஊரை அடுத்துள்ள மோர் மலைத்தொடரின் கதையும் இப்படித்தான். ‘மூர்’ முஸ்லிம்களின் பெயர் அது என்பார்கள். அடர்ந்த காட்டின் கருமையைச் சுட்டும் வட்டாரச் சொல் என்போரும் உண்டு.

பெயரை விட்டுவிடுவோம். ஊருக்குள் நுழைவோம்.

இங்கு வெளிவட்டத்து வீடுகளின் புறச்சுவர்களே கோட்டை மதிலாக நிற்கின்றன. வீடுகள் ஒன்றன் தோளை ஒன்று பற்றிக்கொண்டு குன்றைச் சுற்றி வளைந்திருக்கின்றன. சந்துகளில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். 1592இல் மதப் போர்களின்போது ஊர் இடிக்கப்பட்டது. கத்தோலிக்கரும் சீர்திருத்தக் கிறிஸ்தவரும் மோதிக்கொண்ட காலம் அது. மீண்டும் எழுப்பியபோது பொறித்த 1620 என்னும் ஆண்டைக் கல்லில் இன்றும் காணலாம். பழைய வாயில்களில் ஒன்றுக்குச் ‘சரசேனியர் வாயில்’ என்று பெயர். இடைக்கால ஐரோப்பியர் முஸ்லிம்களைச் சரசேனியர் என்றே அழைத்தனர். இந்த வாயிலை முஸ்லிம்கள் கட்டவில்லை. அவர்கள் இக்கரையை விட்டுப் போய் நெடுங்காலம் கழித்து எழுந்தது அது. ஆயினும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அவர்கள் வந்தது எப்போது? கி.பி. 890க்குச் சற்று முன்பு, ஸ்பெயினிலிருந்து ஏறத்தாழ இருபது பேர் ஒரு படகில் சான் துரோபே வளைகுடாவில் கரையேறினார்கள் என்று இத்தாலிய ஆயர் லியுத்பிராந்த் எழுதிவைத்திருக்கிறார். அவர்களைத் தொடர்ந்து மேலும் பலர் வந்தனர். பிராக்சினெத் எனப்பட்ட அவர்களது குடியிருப்பு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் நீடித்தது. ஜெர்மானிய அரசன் முதலாம் ஓட்டோ, இவர்களைப் பற்றி முறையிட ஜான் என்ற துறவியை 953இல் குர்துபாவுக்கு, கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மானின் அவைக்குத் தூது அனுப்பினான். துறவி அங்கே மூன்றாண்டுகள் காத்துக் கிடந்தார்.

நம் பக்கத்துச் சாட்சி மிகக் குறைவு. பத்தாம் நூற்றாண்டின் புவியியலாளர் இப்னு ஹவ்கல் இவ்விடத்தை ‘ஜபலுல் கிலால்’ எனக் குறித்து, பாழாய்க் கிடந்த நிலத்தை முஸ்லிம்கள் பயிர் நிலமாக்கினர் என்கிறார். அவ்வளவுதான். மற்றவை பெரும்பாலும் எதிர்த்தரப்பினரின் ஏடுகள். அவற்றில் மிகை உண்டு. எனினும் எல்லாம் பொய்யென்று தள்ளிவிடவும் முடியாது. அந்தக் குடியேறிகள் ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களில் வழிப்போக்கரைச் சிறைபிடித்து மீட்புத்தொகை வாங்கினார்கள். 972இல் குளூனி மடத்தின் தலைவர் மயோலுஸையும் பிடித்துவைத்து, ஆயிரம் பவுண்டு வெள்ளி பெற்றுக்கொண்டு விடுவித்தார்கள். அதுவே அவர்களுக்கு வினையாயிற்று. புரோவான்சு நாட்டுக் கோமகன் வில்லியம் படைதிரட்டிப் பிராக்சினெத்தை அழித்தான். வழிமறித்துப் பொருள் பறிப்பதை நம் மார்க்கம் எங்கே அனுமதித்தது? முஸ்லிம் பெயர் தாங்கியவர் செய்தார் என்பதற்காக அதை வீரம் என்று எழுத இந்தப் பேனாவுக்கு மனம் வரவில்லை.

பிராக்சினெத் இருந்ததாகக் காட்டப்படும் லா கார்து பிரைனே மலைக்கோட்டையை அகழ்ந்தபோது கிடைத்தவை பிற்காலக் கிறிஸ்தவக் கிராமத்தின் எச்சங்களே. உறுதியான தடயம் கிடைத்திருப்பது கடலடியில். கான் நகருக்கு அருகிலும் அகே என்ற இடத்திலும் மூழ்கிக் கிடந்த பத்தாம் நூற்றாண்டுக் கப்பல்களில் அந்தலூஸ் நாட்டுச் சாடிகளும் விளக்குகளும் இருந்தன. ஏடுகள் கொள்ளையர் என்று மட்டும் சொல்லும் அம்மக்களிடையே வாணிகரும் இருந்தனர் என்பதற்கு அச்சாடிகளே சான்று.

இனிக் கடற்கரைக்கு இறங்குவோம்.

பிரான்சின் கரைகளில் ‘சுங்கக்காரர் பாதை’ என்று ஒன்று உண்டு. கள்ளக் கடத்தலைத் தடுக்கச் சுங்கக் காவலர் இரவு பகலாக நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதை அது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கடலோரத் தனியார் நிலங்களின் விளிம்பில் மூன்று மீட்டர் அகலத்தை நடந்து செல்வோருக்கு விடவேண்டும் என்று விதித்தது. கோடீசுவரனின் மாளிகைத் தோட்டமானாலும் அதன் ஓரமாக எளியவன் நடந்து போகலாம். பாராட்ட வேண்டிய ஏற்பாடு.

ரமத்துவெல்லில் இப்பாதை போன் தெராஸ் என்னும் சிறு குடாவில் தொடங்கிக் கமரா முனைக்கு ஏறுகிறது. முனையின் உச்சியில் ஒரு கலங்கரை விளக்கம். அதன் ஒளி கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 130 மீட்டர் உயரத்தில் எரிகிறது. அங்கிருந்து பாறைகளின் மேல் ஏறியும் இறங்கியும் லெஸ்காலே என்ற இடத்தை அடைந்து, மேலும் நடந்தால் தையா முனை. இருபுறமும் கடல், நடுவே மெல்லிய மணல் திட்டு, அதன் மறுகோடியில் தீவு போல் ஒரு பாறைமேடு, பக்கத்தில் சுங்கக் காவலரின் பழைய வீடு. வழி நெடுகிலும் சிரியாவின் அலெப்போ நகரின் பெயரைத் தாங்கிய பைன் மரங்கள். இங்கிருந்து கிப்லா தென்கிழக்கே, திறந்த கடலின் பக்கம். லுஹர் நேரம் வந்தால் மரநிழலில் விரிப்பை விரித்து நிற்பவருக்கு முன்னே அலைகளைத் தவிர வேறெதுவும் இராது.

தண்ணீர் உடன் எடுத்துச் செல்ல வேண்டும்; வழியில் கிடைக்காது. கோடையில் காற்று பலமாக இருந்தால் காட்டுத்தீக்கு அஞ்சிப் பாதைகளை மூடிவிடுவார்கள். அன்றியும், கோடை மாதங்களில் இக்கரையில் ஆடை என்பதற்குப் பெரிய மதிப்பில்லை. குடும்பத்தோடு செல்வோர் அக்டோபரிலோ ஏப்ரலிலோ செல்வது நலம்.

இப்போது, பாம்பலோன் கடற்கரை. கமரா முனைக்கு வடக்கே ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நீளும் வெண்மணல். 1944 ஆகஸ்ட் 15 காலை எட்டு மணிக்கு இந்த மணலில் அமெரிக்கப் படை இறங்கியது. ஹிட்லரின் பிடியிலிருந்து தென்பிரான்சை மீட்கும் போர் அன்று தொடங்கிற்று. மறுநாளிலிருந்து இப்பகுதிக் கடற்கரைகளில் பிரெஞ்சுப் படை இறங்கலாயிற்று. இரண்டரை லட்சம் பேர் கொண்ட அப்படையின் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்க மண்ணில் திரட்டப்பட்டவர்கள். அங்கே குடியேறியிருந்த பிரெஞ்சுக்காரரோடு அல்ஜீரியா, மொரோக்கோ, துனீசியா நாட்டு முஸ்லிம்களும் செனகல் முதலிய நாடுகளின் வீரர்களும் அதில் இருந்தனர். அல்ஜீரியப் படைப்பிரிவினர் மார்செய் நகருக்குள் புகுந்து, ஆகஸ்ட் 25இல் நகரின் உச்சியிலுள்ள தேவாலயக் குன்றைக் கைப்பற்றினர். தூலோன், மார்செய் ஆகிய இரு துறைமுகங்களும் ஆகஸ்ட் 28க்குள் மீண்டன. மார்செய்க்குக் குறித்திருந்த காலக்கெடுவுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னதாகவே!

தம் நாடே அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள், அடிமைப்படுத்திய நாட்டின் விடுதலைக்காக இரத்தம் சிந்தினார்கள். அதற்குக் கிடைத்த கைம்மாறு? 1959 டிசம்பரில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், விடுதலை பெற்ற காலனி நாடுகளைச் சேர்ந்த பழைய வீரர்களின் ஓய்வூதியத்தை அன்றிருந்த அளவிலேயே உறைய வைத்தது. விலைவாசி ஏறிக்கொண்டே போயிற்று. பிரெஞ்சுத் தோழனின் ஓய்வூதியமும் ஏறியது. உடன் நின்று போரிட்ட முஸ்லிமின் ஓய்வூதியம் ஏறவில்லை. 2006இல் இவ்வீரர்களைப் பற்றி ‘அந்திஜேன்’ என்ற திரைப்படம் வெளிவந்தபோதுதான் பிரான்சின் மனச்சாட்சி அசைந்தது. அதிபர் ஜாக் சிராக் உயர்வை அறிவித்தார். முழுச் சமநிலை கிடைத்தது 2011இல். 1944இல் இருபது வயதாயிருந்தவர் அப்போது உயிரோடிருந்தால் எண்பத்தேழு வயது. எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வந்த இருபது பேரை ஒரு வாயிலின் பெயர் இன்றும் நினைவூட்டுகிறது. நேற்று வந்து ஊரை மீட்டவர்களின் பெயரைத் தெருக்களுக்கும் சதுக்கங்களுக்கும் சூட்டுங்கள் என்று நகரத் தலைவர்களிடம் ஓர் அதிபர் கேட்டுக்கொள்வதற்கு எழுபத்தைந்து ஆண்டுகள் ஆயின. 2019 ஆகஸ்ட் 15இல் அதிபர் மக்ரோன் அதைக் கேட்டுக்கொண்ட இடம் பூலூரி என்னும் போர்வீரர் அடக்கத்தலம்.

அது ரமத்துவெல்லுக்கு வடகிழக்கே, சான் ரபாயேல் நகரை அடுத்து, கடலோரச் சாலையில் இருக்கிறது. 464 பேர் அங்கே துயில்கிறார்கள். சிலுவைகளுக்கிடையே முஸ்லிம்களின் கப்றுகளும் உண்டு. பிரான்சின் போர்வீரர் அடக்கத்தலங்களில் முஸ்லிம்களுக்கு நிறுத்தும் கல்லில் பிறையும் நட்சத்திரமும் பொறித்து, ‘இது மர்ஹூம் இன்னாருடைய கப்று’ என்று அரபியில் எழுதியிருப்பார்கள். சான் துரோபே செல்லும் நம் சகோதரர்கள் வழியில் வண்டியை நிறுத்தி, அங்கே ஒரு ஸலாம் சொல்லி, ஒரு துஆச் செய்துவிட்டுப் போகலாம்.