காத்துக் கிடக்கும் மசோதாக்களுக்கு மணி அடிப்பது யார்?

கோயிலுக்குப் போகின்ற பக்தன் முதலில் செய்கின்ற காரியம் மணியை இழுத்து அடிப்பதேயாகும். ஏன் அடிக்கிறாய் என்று கேட்டால், "நான் வந்திருப்பது சாமிக்குத் தெரிய வேண்டாமா?" என்பான். எங்கும் நிறைந்தவர், எல்லாம் அறிந்தவர் என்று சொல்லப்படுகிற கடவுளுக்கே வாசலில் ஆள் நிற்பதை மணி அடித்துத்தான் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. தூக்கத்திலிருந்து எழுப்பத் திருப்பள்ளியெழுச்சி வேறு பாட வேண்டியிருக்கிறது. இது சாமியின் யோக்கியதையைக் காட்டுகின்றதா, பக்தனின் புத்தியைக் காட்டுகின்றதா என்பதை வாசகர்களுக்கே விட்டுவிடுகின்றோம். நாம் இன்று சொல்ல வந்த சங்கதி வேறு. கல்லுச் சாமிக்காவது ஒரு மணி உண்டு. ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய பிரதிநிதிகள் செய்த மசோதாவில் கையெழுத்திட வேண்டிய கவர்னருக்கு மணியே கிடையாது.

சட்டசபையில் ஒரு மசோதா நிறைவேறினால் மாத்திரம் அது சட்டமாகிவிடாது. கவர்னரிடம் போக வேண்டும். அரசியல் சட்டத்தின் 200-வது பிரிவுப்படி அவர் சம்மதிக்கலாம், சம்மதத்தை நிறுத்தி வைக்கலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். திருப்பி அனுப்புவதானால் கூடிய சீக்கிரத்தில் அனுப்ப வேண்டும். சபை அதை மறுபடியும் நிறைவேற்றினால் அதன்மேல் அவர் சம்மதத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. வெள்ளைக்காரன் செய்த 1935-ஆம் வருஷச் சட்டத்தில் கவர்னர் தன் இஷ்டம்போல் இதைத் தீர்மானிக்கலாம் என்று பொருள்படும் வார்த்தைகள் இருந்தன. நம்மவர்கள் அரசியல் சட்டம் செய்தபோது அவ்வார்த்தைகளை எடுத்துவிட்டார்கள். வார்த்தை போயிற்றே ஒழிய வழக்கம் போயிற்றா என்று கேட்கின்றோம்.

நடந்ததைப் பாருங்கள். 2020 ஜனவரி முதல் 2023 ஏப்ரல் வரை தமிழ்நாட்டுச் சட்டசபை 12 மசோதாக்களை நிறைவேற்றி அனுப்பியது. அவற்றில் பெரும்பாலானவை பல்கலைக்கழகங்களையும் துணைவேந்தர் நியமனத்தையும் பற்றியவை. அவை கவர்னர் மாளிகையில் கிடந்தன. கவர்னர் ஒருவர் போய் மற்றொருவர் வந்தார், மந்திரிசபை மாறிற்று, காகிதம் மாத்திரம் அசையவில்லை. 2023 அக்டோபர் கடைசியில் மாகாண சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. உடனே என்ன ஆயிற்று? இரண்டு வாரத்திற்குள், நவம்பர் 13-ந் தேதி, 10 மசோதாக்கள் சம்மதமில்லாமல் திரும்பி வந்தன. மூன்று வருஷத்திற்கு மேல் தூங்கிய காகிதத்திற்குக் கோர்ட்டின் பேரைக் கேட்டதும் கால் முளைத்துவிட்டது! அப்படியானால் முன்பு தடுத்தது யோசனையா, அலட்சியமா என்பதைப் பச்சைக் குழந்தையும் சொல்லிவிடும்.

18-ந் தேதி சட்டசபை அந்தப் பத்தையும் மறுபடி நிறைவேற்றியது. 28-ந் தேதி கவர்னர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். இது சட்டத்திற்கு விரோதம் என்று 8-4-2025-ல் சுப்ரீம் கோர்ட்டின் இரண்டு நீதிபதிகள் தீர்ப்பளித்து, பத்தும் சம்மதம் பெற்றதாகவே கொள்ளப்படும் என்றார்கள். கவர்னர்களுக்குக் கெடுவும் வைத்தார்கள். பிறகு குடியரசுத் தலைவர் 14 கேள்விகள் கேட்க, 20-11-2025-ல் ஐந்து நீதிபதிகள் வேறு அபிப்பிராயம் சொன்னார்கள். கோர்ட்டு கெடு வைக்க முடியாது, சம்மதம் தந்ததாகக் கொள்வதும் முடியாது என்றும், காரணமின்றி நெடுநாள் சும்மா இருந்தால் ஏதேனும் ஒரு முடிவு செய்யும்படி மாத்திரம் உத்தரவிடலாம் என்றும் சொன்னார்கள்.

இதைவிட வெட்கக்கேடான சங்கதி ஒன்று உண்டு. டாக்டர் படிப்புக்கான நீட் பரீட்சையிலிருந்து விலக்குக் கேட்டு 2017-ஆம் வருஷத் துவக்கத்தில் நம் சட்டசபை இரண்டு மசோதாக்களை நிறைவேற்றி டில்லிக்கு அனுப்பியது. அவை அவ்வருஷம் செப்டம்பரிலேயே சம்மதம் மறுக்கப்பட்டுத் திருப்பப்பட்டன. ஆனால் பொது ஜனங்களுக்கு அது எப்பொழுது தெரிந்தது? 2019 ஜூலையில், சென்னை ஹைக்கோர்ட்டில் மத்திய சர்க்கார் சொன்ன பிறகுதான்! ஏறக்குறைய இரண்டு வருஷ காலம், இல்லாத மசோதாவை நம்பிப் பிள்ளைகளும் பெற்றோர்களும் காத்திருந்தார்கள். இந்தப் பழியை டில்லியின் தலையில் மாத்திரம் கட்டிவிட முடியாது. அனுப்பிய காகிதம் எங்கே என்று வாரந்தோறும் விசாரித்துச் சபைக்குச் சொல்லாத நம்மவர்களுக்கும் அதில் பங்குண்டு.

நம் சொந்தக் காரியமே இப்படிப்பட்ட கையெழுத்தை நம்பி நின்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சுயமரியாதைக் கலியாணங்களைச் செல்லுபடியாக்க அண்ணாதுரை மந்திரிசபை 1967-ல் கொண்டுவந்த சட்டம் டில்லியின் சம்மதம் பெற்று 1968 ஜனவரியில் அமுலுக்கு வந்தது. அந்தக் காகிதம் ஒரு மேஜை அறையில் பத்து வருஷம் கிடந்திருந்தால், பார்ப்பனப் புரோகிதனை விலக்கிய எத்தனை தம்பதிகளின் மானம் கோர்ட்டு வாசலில் கிடந்திருக்கும்?

"கவர்னர் யோசிக்காமல் கையெழுத்துப் போட வேண்டுமா?" என்று சில கனவான்கள் கேட்கின்றார்கள். நாம் அப்படிச் சொல்லவேயில்லை. தாராளமாக யோசிக்கட்டும். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று காரணத்தோடு எழுதித் திருப்பட்டும். சபை அதைப் பார்த்துத் திருத்தும், அல்லது மறுக்கும். ஆமென்பதும் ஒரு பதில், இல்லையென்பதும் ஒரு பதில். ஆனால் மௌனம் எப்படிப் பதிலாகும்?

தாலுகா ஆபீஸ் ஊழியருக்கு உள்ள சட்டத்தைப் பாருங்கள். 2005-ஆம் வருஷத் தகவல் உரிமைச் சட்டப்படி, கேட்டவனுக்கு 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மறுத்ததாகவே கொண்டு, கேட்டவன் மேலே அப்பீல் செய்யலாம். நியாயமான காரணமில்லாமல் தாமதித்த அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. சின்ன மேஜைக்கு நாள் கணக்கு. பெரிய மாளிகைக்குக் கணக்கே கிடையாது! இதுவும் ஒருவித வருணாச்சிரமந்தானே? மேலே இருப்பவன் கேள்விக்கு அப்பாற்பட்டவன் என்கிற மனுதர்ம புத்தி வேறு உடையில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே நாம் கேட்பது இரண்டே காரியங்கள். ஒன்று, சட்டசபை கூடும்போதெல்லாம் எந்த மசோதா எந்தத் தேதியில் போயிற்று, யார் கையில் எத்தனை நாளாக இருக்கிறது என்ற ஜாபிதாவை முதல் நாளே சபையில் வாசித்துப் பத்திரிகைகளில் பிரசுரிக்க வேண்டும். இரண்டு, கையெழுத்திடுபவருக்குக் கெடுவை அரசியல் சட்டத்திலேயே எழுத வேண்டும். கோர்ட்டால் வைக்க முடியாத கெடுவைப் பார்லிமெண்டு வைக்கலாமல்லவா? அதைச் செய்யச் சொல்வது ஓட்டுப் போடும் நம்முடைய வேலை.

தோழர்களே! கலெக்டரிடம் மனுக் கொடுத்தால் ரசீது வாங்காமல் வீடு திரும்பாதீர்கள். அடுத்த மாதம் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் மசோதாக்கள் எங்கே என்று கேளுங்கள். கோயில் மணியை இழுத்து இழுத்து ஓய்ந்த கைகளுக்கு இது ஒன்றும் பெரிய வேலையல்ல. அங்கே அடித்த மணிக்கு இதுவரை பதில் வந்ததில்லை. இங்கே அடிக்கிற மணிக்கு இரண்டு வாரத்தில் பதில் வந்ததை 2023-ல் கண்ணாரக் கண்டோம்.