ஓபன் ரேட் என்னும் பொய்க் கணக்கு

விளம்பர மெயில் எழுதச் சொல்லித்தரும் வகுப்புகளில் பெரும்பாலும் முதல் பாடம் ஒன்றுதான்: தலைப்பு வரியில் தூண்டில் போடு, திறக்கவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எத்தனை பேர் திறந்தார்கள் என்று சொல்லும் ‘ஓபன் ரேட்’தான் வெற்றியின் அளவுகோலாம். சென்னை விளம்பர நிறுவனங்கள் முதல் அந்தமானில் அறை வாடகைக்கு விடுபவர்கள் வரை இதை நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது. நம்பியவரின் நற்பெயரையும் அது கெடுக்கிறது.

திறந்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத, புள்ளியளவுப் படம் ஒன்றை வைக்கிறார்கள். அது சர்வரிலிருந்து இறங்கினால் ‘திறந்தார்’ என்று பதிவாகும். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடி கேபிள் செயல்பாட்டுக்கு வரும்வரை அந்தமான் நிக்கோபார் தீவுகள் மந்தமான செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்தன. தெற்கு அந்தமானின் சிப்பிகாட்டில் அந்த இணைப்பில் படங்களை நிறுத்திவிட்டு ஒரு மெயிலை வரிவரியாகப் படித்தவர்கூட, அனுப்பியவரின் கணக்கில் திறக்காதவர்தான். இன்னொரு பக்கம், 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15உடன் ஆப்பிள் ஓர் அந்தரங்கப் பாதுகாப்பு வசதியைக் கொண்டுவந்தது. அதை இயக்கியவரின் மெயில் செயலி, அவர் தொட்டே பார்க்காத மெயிலின் படங்களையும் முன்கூட்டி இறக்கிவிடுகிறது. படித்தவர் கணக்கில் இல்லை, படிக்காதவர் இருக்கிறார். இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் தலைப்புகளுக்கு மதிப்பெண் போடுகிறார்கள்.

கணக்குப் பிழையோடு தீங்கு நிற்பதில்லை. எண்ணை ஏற்ற வேண்டும் என்ற வெறியில், நடக்காத உரையாடலுக்குப் பதில்போலத் தலைப்பில் ‘ரீ:’ சேர்க்கிறார்கள். ‘உங்கள் முன்பதிவு ரத்தாகிறது’ என்று பதறவைத்து, உள்ளே தள்ளுபடி அறிவிப்பை வைக்கிறார்கள். மோசடித் தலைப்பை அமெரிக்கா 2003ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தடைசெய்துவிட்டது. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் மொத்தமாக அனுப்புவோருக்குக் கெடுபிடி விதித்திருக்கின்றன: ஒரே கிளிக்கில் விலகும் வசதி வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. ஆயிரத்துக்கு மூன்று பேர்! ஏமாந்து திறந்தவர் அடுத்த நொடி ஸ்பேம் பொத்தானைத்தான் தேடுவார். அடுத்த மாதம் அதே முகவரியிலிருந்து போகும் நேர்மையான மெயிலும் குப்பைக்குப் போகும்.

தூண்டில் கட்சிக்காரர்களின் பெரிய ஆதாரம் ஒபாமாவின் 2012 தேர்தல் பிரசாரம். ‘ஹே’ என்ற ஒற்றைச் சொல்லைத் தலைப்பாக்கி நிதி குவித்தார்களே என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த அணி ஒரே வேண்டுகோளைப் பல வடிவங்களில் சிறு குழுக்களுக்கு அனுப்பிப் பார்த்தது. வடிவங்களைத் தரம்பிரித்தது, வந்த நன்கொடையை வைத்து. மிகப் புகழ்பெற்ற மெயில், எதிராளி தன்னைவிட அதிகம் செலவிடப்போகிறார் என்பதையே தலைப்பாகச் சொன்னது. 26 லட்சம் டாலருக்கு மேல் ஈட்டியது. உள்ளே இருந்த சேதியும் அதேதான். எது வெல்லும் என்று தங்களால் ஊகிக்க முடியவில்லை என அந்த அணியினரே பிறகு சொன்னார்கள்.

வந்த பணத்தை வைத்து அளப்பது தமிழ் வணிகத்துக்கும் தெரியாத சங்கதி அல்ல. 1928இல் ஆனந்த விகடனை வாங்குவதற்கு முன்பே எஸ்.எஸ். வாசன் சென்னையில் விளம்பரத் தொழிலும் தபால்வழி விற்பனையும் நடத்திவந்தார். இந்தியத் தபால்துறையில் வி.பி.பி. முறை 1877லேயே வந்துவிட்டது. தபால்காரர் பொட்டலத்தைக் கொண்டுவருவார், வாங்குபவர் பணம் கொடுத்துப் பெறலாம், வேண்டாமென்றால் திருப்பியும் அனுப்பலாம். அந்த வணிகத்தில் எத்தனை பேர் உறையைக் கிழித்தார்கள் என்று யாரும் எண்ணவில்லை. ஆர்டர் வந்ததா, பொட்டலம் திரும்பியதா என்பதே கணக்கு.

இனி சிப்பிகாட்டிலிருந்து ஒருவர் பறவை பார்க்க விருந்தினரை அழைத்து எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் தரை ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட்டின் வயல்களுக்குள் கடல்நீர் புகுந்து தங்கிவிட்டது. விளைநிலத்தை இழந்தவர்களின் துயரம் அது. அதே சதுப்பில் இன்று அந்தமான் கிளுவையும் வலசை வரும் கரைப்பறவைகளும் மேய்கின்றன. ‘சுனாமி மறைத்த ரகசியம்!’ என்று தலைப்பிட்டால் சிலர் திறப்பார்கள். அங்கே வாழ்வோரின் இழப்பை விற்ற பாவம்தான் மிஞ்சும். ‘சிப்பிகாட் சதுப்பு, ஜனவரி: அந்தமான் கிளுவை பார்க்க ஒரு காலை’ என்றாலே போதும். உள்ளே எந்தத் தேதிகளில் கடல்நீர் வடியும் நேரம் காலையில் வருகிறது, தலைநகர் ஸ்ரீவிஜயபுரத்திலிருந்து எப்படி வருவது, ஒருவருக்கு எவ்வளவு, எந்தப் பறவைக்கு உறுதி தர முடியாது என்பதெல்லாம் இருக்க வேண்டும். கடைசியில் ஒரே கேள்வி: எந்த வாரம் தோதாக இருக்கும்?

இந்த மெயில் தேனிலவுக்கு வந்துபோன எல்லோருக்கும் போகக்கூடாது. முன்பு பறவைகளைப் பற்றி விசாரித்தவர்களுக்கு மட்டும் போக வேண்டும். பட்டியல் இருநூறு பேராகச் சுருங்கலாம். சுருங்கட்டும். இருநூறு பேருக்கு எழுதுபவருக்கு ஓபன் ரேட் காட்டும் மென்பொருளே தேவையில்லை. வந்த பதில்களை நோட்டில் எழுதிவைக்கலாம். ‘இந்த ஜனவரி முடியாது, அடுத்த ஆண்டு எழுதுங்கள்’ என்று ஒருவர் பதில் போட்டால், அவர் பெயரை அடுத்த டிசம்பர் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம்.