மஞ்சள் கல்லுக்கு ஒரு நகச் சோதனை

தாத்தாவின் மடக்கு சவரக்கத்தியைத் தீட்ட 'கோட்டிக்யூல்' கல் தேடுகிறீர்களா? பெல்ஜியத்தின் வியல்சாம் பகுதியில் மெல்லிய அடுக்காகக் கிடைக்கும் மஞ்சள் கல் அது. அதிலுள்ள பொடிப்பொடியான கார்னெட் மணிகள்தான் எஃகைத் தேய்க்கின்றன.

பழைய கல் என்றால் தண்ணீர் விட்டு, சிறு கல்லால் தேய்த்துப் பாருங்கள். பால் போல வெண்சேறு வரவேண்டும். அப்புறம் பக்கவாட்டில் பாருங்கள். அடிக்கல்லோடு சேரும் கோடு ஸ்கேல் வைத்ததுபோல நேராக இருந்தால், பெரும்பாலும் ஒட்டியது. அது மோசடி அல்ல; மஞ்சள் கல் எளிதில் உடையும் என்பதால் தாங்கலுக்கு ஒட்டுவார்கள். 'இயற்கையாகவே சேர்ந்தது' என்று கூடுதல் விலை கேட்டால் மட்டும் உஷார்!

நான் முக்கியமாகப் பார்ப்பது விரிசலை. மேற்பரப்பை நகத்தால் வருடுங்கள். நகம் தட்டினால், கத்தியின் கூரும் அங்கே சிதையும். கல் எவ்வளவு அழகானாலும் வாங்காமல் வந்துவிடுங்கள்.