கொம்பு மாறி விழுந்த பெயர்

நாங்கள் மூன்று பேர். மூன்று பேரும் கலைப்பீடம். பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்ட ஒரு வாடகை அறை, இரண்டு லப்டொப். பகலில் விரிவுரை, இரவில் டிசைன் வேலை. ரியூசன் போஸ்டர், சாமத்திய வீட்டு பனர், கல்யாணக் கார்ட், கண்ணீர் அஞ்சலி என்று வாறதெல்லாம் செய்வோம். “ஃபிரீலான்ஸ்” என்று சொன்னால் வீட்டில் விளங்காது, “கொம்பியூட்டர் வேலை” என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம்.

போன வருடம் ஒரு நினைவுமலர் வந்தது. முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கிற புத்தகம், 40 பக்கம், 300 பிரதி. இறந்தவ ஒரு அம்மம்மா. அட்டைக்காக இரண்டு நாள் பின்ரெஸ்டில் கிடந்தோம். மங்கலான பூக்கள், மெழுகுதிரி, மேகம், வெளிநாட்டு நினைவுமலர்களின் மாதிரிகள் எல்லாவற்றையும் சேமித்துச் சேமித்து கடைசியில் வெள்ளைப் பூவும் மேகமுமாக ஒன்றைச் செய்தோம். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. பக்க அளவைக் கொஞ்சம் மாற்ற வேணும் என்று அச்சகத்தில் கேட்டார்கள். போட்டோஷொப் கோப்பை அப்படியே அனுப்பிவிட்டோம்.

அந்த அம்மம்மாவின் பெயர் ‘பொ’வில் தொடங்கும். கொம்பு முன்னுக்கு, அரவு பின்னுக்கு, நடுவில் ப. அச்சகத்தில் இருந்தது பழைய போட்டோஷொப். அது கோப்பைத் திறந்தபோது எழுத்துகளைத் திரும்ப அடுக்கியது. கொம்பும் அரவும் சேர்ந்து ‘ப’வுக்குப் பின்னால் போய் நின்றன. 300 அட்டையிலும் அப்படியே அச்சாகிவிட்டது. முதல் நாள் பின்னேரம் புத்தகக்கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கனடாவில் இருந்து வந்திருந்த மகன் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, “தம்பியவை, அம்மான்ர பேர் இப்பிடி இல்லையே” என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை.

இரவோடு இரவாக அட்டையை மட்டும் திரும்ப அடித்து, ஒவ்வொரு புத்தகத்திலும் கம்பியைக் கழற்றி, புது அட்டை போட்டுக் கொடுத்தோம். காசு எங்களுடையது. பிழையும் எங்களுடையதுதான். எழுத்தை வடிவமாக மாற்றி அனுப்பியிருந்தால், அல்லது பிடிஎஃப் ஆகக் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது. பூவுக்கு இரண்டு நாள் செலவழித்த நாங்கள் அந்தப் பெயருக்குப் பத்து நிமிசம் ஒதுக்கவில்லை.

டிசைன் பழகுகிற தம்பி தங்கச்சிமார் எங்களிடம் கேட்கிற முதல் கேள்வி “எங்க இருந்து ஐடியா எடுக்கிறீங்கள்?”, இரண்டாவது “என்ன சொஃப்ட்வெயார்?”. இரண்டுக்கும் இப்போது நாங்கள் ஒரே பதிலைத்தான் சொல்கிறோம்: முதலில் தமிழ் எழுத்தைப் பாருங்கோ. இதை ஏதோ மொழிப்பற்றில் சொல்வதாக நினைக்க வேண்டாம். எங்களுக்குக் காசு தருகிற வேலைகளில் பாதிக்கு மேல் எழுத்துதான். படம் வாடிக்கையாளரே வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார், அதுவும் மங்கலாக.

கன்வாவில் கிடைக்கிற மாதிரிகளை எடுத்துப் பாருங்கள். அவை ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டவை. நான்கு எழுத்துப் பெரிய சொல்லுக்கு விட்ட இடத்தில் ‘மாபெரும் மலிவு விற்பனை’யைத் திணிக்க வேண்டி வருகிறது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒரே உயரம். தமிழில் ‘கீ’ மேலே வளையும், ‘கூ’ கீழே இறங்கும், ‘ணை’ பக்கவாட்டில் நீளும். வரிக்கும் வரிக்கும் இடையில் ஆங்கிலத்துக்கு விடுகிற இடைவெளியை விட்டால் மேல் வரியின் காலும் கீழ் வரியின் தலையும் முட்டிக்கொள்ளும். மாதிரியை மாற்றத் தெரியாதவர்கள் எழுத்தைச் சின்னதாக்கிவிடுவார்கள். அதனால்தான் ஊரில் பாதி போஸ்டர்களில் படம் கத்துகிறது, செய்தி முணுமுணுக்கிறது.

பாமினியைப் பற்றியும் சொல்லத்தான் வேணும். எங்களுடைய அச்சகங்களில் இன்னும் பாமினிதான் ராசா. அதில் தமிழ் எழுத்து ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முழுக்க ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யுனிகோடுக்கு மாற்றும்போது ‘ஔ’வின் பின்பாதியும் ‘ள’வும் அடிக்கடி குழம்பும். ஆனாலும் பாமினியை ஏளனம் செய்கிற கூட்டத்தில் நாங்கள் இல்லை. அதில் வேகமாகத் தட்டச்சுச் செய்கிற அக்காமார் இல்லையென்றால் ஊரில் ஒரு மலரும் வெளிவராது. எங்கள் வேலை யுனிகோடில், அவர்கள் வேலை பாமினியில். இரண்டுக்கும் நடுவில் ஒருவர் நின்று ஒவ்வொரு பெயராக வாசிக்க வேணும். அவ்வளவுதான்.

கருவிகள் பற்றிக் கெதியாகச் சொல்லிவிடுகிறோம். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்ட பிறகு 200 சொச்சமாக இருந்த டொலர் சில மாதத்தில் 360ஐத் தொட்டது. மாதச் சந்தா கட்டி மென்பொருள் வைத்திருப்பது மாணவர்களுக்குக் கனவாகிப் போனது. எல்லாரும் களவாகத்தான் பாவிக்கிறோம் என்பது ஊரறிந்த இரகசியம். நாங்களும் பாவித்தோம். இப்போது இலச்சினைக்கும் போஸ்டருக்கும் இங்க்ஸ்கேப், புத்தகத்துக்கு ஸ்கிரைபஸ், வரைய கிரீட்டா. மூன்றும் இலவசம். இங்க்ஸ்கேப்பில் தமிழ் உடையாமல் வரும். யாராவது போட்டோஷொப் கோப்பு அனுப்பினால் பிரவுசரிலேயே போட்டோபியாவில் திறக்கலாம். போட்டோஷொப்தான் வேணும் என்றால், தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைச் சரிபார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எங்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

எழுத்துருக்களில் கட்டமரான், முக்த மலர், அனெக் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. கடைக்கு, கம்பனிக்கு என்று எதற்கும் பாவிக்கலாம். கொழும்பில் இயங்கும் மூனியக் குழு வெளியிட்ட ‘போஸ்ட் நோ பில்ஸ்’ வரிசையில் தமிழுக்கான எழுத்துருவின் பெயரே ‘யாழ்ப்பாணம்’. தகரத்தில் வெட்டி மை பூசின மாதிரியான எழுத்து. ஊர்ப் பெயரில் எழுத்துரு இருக்கிறது என்பதே எங்களுக்கு இரண்டாம் வருடத்தில்தான் தெரியும்.

இனி ஐடியா. நாங்கள் பின்ரெஸ்டை விட்டுவிடவில்லை, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அதை இரண்டாவதாகத்தான் திறக்கிறோம். முதலில் திறப்பது நூலகம் தளம். 2005இலிருந்து ஈழத்துப் புத்தகங்களையும் இதழ்களையும் ஸ்கான் செய்து சேர்த்துவருகிறார்கள். பாடத்துக்கு மட்டுமே பாவித்துக்கொண்டிருந்த அந்தத் தளத்தில் ஒருநாள் அட்டைகளை மட்டும் பார்த்துக்கொண்டு போனோம். விடிந்துவிட்டது. ஓவியர் ரமணியின் அட்டைகளில் தலைப்பும் படமும் ஒரே கையால் வந்தவை. எழுத்தைக் கொண்டுபோய்ப் படத்துக்கு மேலே ஒட்டின மாதிரி இராது. 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய ‘மல்லிகை’ அட்டையில் ஒரு ஆளின் முகத்தைப் போட்டு உள்ளே அவரைப் பற்றி எழுதிவந்தது. முகம், பெயர், முடிந்தது. பூவும் இல்லை, மேகமும் இல்லை.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் தாள் இல்லாமல் கோடுபோட்ட கொப்பித்தாளில்கூடப் பத்திரிகை அடித்திருக்கிறார்கள். அப்பாமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நாங்கள் 16 மில்லியன் நிறத்தை வைத்துக்கொண்டு “ஐடியா வருகுதில்லை” என்று புலம்புகிறோம்.

இதற்காக எல்லா இலச்சினையிலும் பனைமரத்தைப் போடச் சொல்லவில்லை. தயவுசெய்து போடாதீர்கள். பனையும் நல்லூர்க் கோபுரமும் இல்லாத யாழ்ப்பாண இலச்சினை ஒன்றை யாராவது காட்டினால் நாங்கள் தேத்தண்ணி வாங்கித் தாறம். ‘எங்கட அடையாளம்’ என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் அவருடைய தாத்தா கடைப்பலகை எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் பழைய பில் கொப்பி ஒன்றைத் தேடி எடுத்துத் தந்தார். அதில் இருந்த எழுத்தையே வரைந்து கொடுத்தோம். அவருக்கும் சந்தோசம், எங்களுக்குச் சொன்ன காசுக்கு மேல் ஆயிரம்.

கையெழுத்துப் பலகைகளைத்தான் இப்போது தேடித் திரிகிறோம். ஃபிளெக்ஸ் வந்ததோடு அவை ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கின்றன. பழைய சைக்கிள் கடை, சலூன், அரிசி ஆலை, சனசமூக நிலையம், கடல்கரையில் வள்ளத்துப் பெயர்கள். கண்ட இடத்தில் படம் எடுத்து, ஊரையும் திகதியையும் எழுதி ஒரு கோப்புறையில் போட்டுவைத்திருக்கிறோம். மன்னார், மட்டக்களப்பு, மலையகம் எதுவுமே அதில் இல்லை, பஸ் காசு கட்டுப்படியாகவில்லை. உங்கள் ஊரில் அப்படி ஒரு பலகை நின்றால் நேராக நின்று ஒரு படம் எடுங்கள். எழுதினவர் உயிரோடு இருந்தால் ‘பொ’வை எப்படி எழுதுவார் என்றும் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.