துருவைத் தடுக்கும் துரு

இரும்பு துருப்பிடிக்கும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் துருவையே போர்வையாகப் போர்த்திக்கொண்டு, மேலும் அரிக்காமல் தன்னைக் காத்துக்கொள்ளும் எஃகும் உண்டு. செம்பு, குரோமியம், பாஸ்பரஸ் முதலியன சிறிதளவு சேர்ந்த இவ்வெஃகு 1933இல் அமெரிக்காவில் ‘கார்ட்டென்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. வண்ணம் பூசும் செலவு மிச்சம் என்று அதைப் புகழ்வோர் பலர். அப்புகழில் பாதி, எஃகு நிற்கும் இடத்துக்கே உரியது என்பது என் கருத்து.

மழையில் நனைய வேண்டும். பின் வெயிலில் நன்றாகக் காய வேண்டும். இவ்வாறு மாறி மாறிச் சில ஆண்டுகள் நடந்தால்தான் துருப்படலம் இறுகும். ஈரம் உலராத இடத்தில் அது இறுகாது. கடற்காற்றின் உப்போ படலத்தை இறுகவே விடாது. என் தந்தையார் வேதியியல் படித்தவரல்லர். ஆயினும் மண்வெட்டியைக் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே எரவாணத்தில் செருகுவார்.

பெரம்பூரில் கட்டப்பட்ட பழைய ரயில் பெட்டிகளைப் பாருங்கள். (செஞ்சிக்கு ரயில் இல்லை, பார்க்கத் திண்டிவனம் போக வேண்டும்.) அவற்றின் கூடு இவ்வகை எஃகுதான். ஆனால் எப்போதும் ஈரம் தங்கும் கழிப்பறையை ஒட்டிய அடித்தளமே முதலில் அரித்துப்போனது. அவ்வகைப் பெட்டிகளைக் கட்டுவது 2018இல் நின்றது. இப்போது எவர்சில்வர் இனத்து எஃகுதான்.

டில்லி இரும்புத் தூண் 1600 ஆண்டுகளாக நிற்பதற்கு அதிலுள்ள மிகுதியான பாஸ்பரஸ் காரணம் என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் காலஞ்சென்ற பாலசுப்பிரமணியம் விளக்கினார். நமக்குப் பெருமைதான். ஆனால் அதே தூணைப் பாம்பன் கடற்கரையில் நட்டிருந்தால்? பட்டிமன்ற மேடையில் இதைக் கேட்டால் கல்லெறி விழும்!

2025 ஜூலையில் நம் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. இனி கைப்பிடிக் கம்பிகளும் அறிவிப்புப் பலகைகளும் பெருகும். ராஜகிரி உச்சியில் வெயிலும் காற்றும் நனைந்த இரும்பை விரைவில் உலர்த்திவிடும். கீழே செட்டிக்குளக் கரையின் ஈரமும் நிழலும் அப்படி விடுமா? இரண்டுக்கும் ஒரே இரும்பை மொத்தமாக வாங்கி நடுவது தவறு.

வாங்குமுன் சோதிக்கலாமே! நம் வேதியியல் துறையில் தராசு இருக்கிறது. எஃகுத் தகடுகளை எடைபோட்டு, உரிய அனுமதி பெற்று, உச்சியில் சில, குளக்கரையில் சில, மரக்காணம் உப்பளத்தருகே சில என்று தொங்கவிடுவோம். இரண்டு மழைக்காலம் கழித்துத் துருவைச் சுரண்டிவிட்டு மீண்டும் எடை பார்க்க வேண்டும். அதற்குள் நாங்கள் கல்லூரியை விட்டுப் போயிருப்போம். தராசைப் பிடிக்க வேண்டியவர்கள் இன்று முதலாண்டில் இருக்கும் தம்பி தங்கையர்.