டேனாவின் சாவும் ஜென்னியின் சாவும்

லாஸ் ஏஞ்சலஸில் வாழும் லெஸ்பியன் தோழிகளைப் பற்றிய அமெரிக்க டிவி தொடர் ‘தி எல் வேர்ட்’. 2004 முதல் 2009 வரை ஆறு சீசன் ஓடியது. எல்லோரும் பணக்கார அழகிகளாகவே இருக்கிறார்களே என்ற குறை நியாயம்தான். ஆனால் மூன்றாவது சீசன் அதையெல்லாம் மறக்கடித்துவிடும்.

டென்னிஸ் வீராங்கனை டேனா மார்பகப் புற்றுநோயில் சாகிறாள். இறுதிச் சடங்கில் அவள் யாரை நேசித்தாள் என்பதையே மூடி மறைக்கிறார்கள். பொறுக்க முடியாமல் ஆலிஸ் எல்லோர் முன்னும் உண்மையை உரக்கச் சொல்கிறாள். கூடவே இருந்து பார்த்துக்கொண்டவளுக்கு அழக்கூட உரிமை இல்லையா? தொடரின் உயிரே அந்தக் கேள்விதான்.

கடைசி சீசனில் ஜென்னியும் சாகிறாள். அங்கே கேள்வி, “கொன்றது யார்?” அதற்கும் பதில் சொல்லாமலே தொடரை முடித்துவிட்டார்கள்! தோழிகளின் கதையைத் துப்பறியும் கதையாக்கியதில் நட்பும் போச்சு, துப்பும் போச்சு.