தோலுக்கு மரியாதை, தோல்காரனுக்குத் தீட்டு

'பாரம்பரியம்' என்ற சொல் யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் நான் அதற்குக் காது கொடுப்பது வழக்கம். புதுச்சேரியில் இப்போது அந்தச் சொல்லுக்கு நல்ல விலை. வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரன் 'வெள்ளை நகரம்' என்று பிரித்து வைத்த பக்கத்திலும், இந்தப் பக்கம் மிஷன் வீதி, நேரு வீதியிலும் கடைகளில் செருப்பு தொங்குகிறது. பக்கத்தில் ஓர் அட்டை: மரப்பட்டையில் பதனிட்ட தோல், ரசாயனம் கலக்காதது, பாரம்பரியக் கைவேலை. யாருடைய பாரம்பரியம் என்று மட்டும் அந்த அட்டையில் இருக்காது.

தோழர்களே, ஒரு கடையையோ கம்பெனியையோ திட்டுவதற்காக இதை எழுதவில்லை. 1978-இல் இந்த ஊரில் சின்னப் பட்டறையாகத் தொடங்கிய ஹைடிசைன் தாவரப் பதனீட்டுத் தோலைச் சொல்லித்தான் உலகச் சந்தையில் பெயர் எடுத்தது. வியாபாரம் செய்கிறவன் வியாபாரம் செய்வான். என் கேள்வி வேறு. செத்த மாட்டைத் தொட்டவன் தீட்டு, அதே மாட்டின் தோல் ஏற்றுமதியானால் பாரம்பரியம். இடையில் என்ன நடந்தது?

நான் அருந்ததியர் வீட்டுப் பிள்ளை. எங்க தாத்தா ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பில் குழியில் நின்றவர். எங்க அப்பா இந்த ஊர் நடைபாதையில் உட்கார்ந்து செருப்பு தைத்தவர். நான் படித்துவிட்டேன். சில வருஷம் முன்பு ஒரு கைவினைப் பயிலரங்கில் பேசக் கூப்பிட்டார்கள். 'உங்க தாத்தாவின் கலையைப் பத்தி அழகா நாலு வார்த்தை சொல்லுங்க, தம்பி' என்றார்கள். தாத்தா அதைக் கலை என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'பட்டைத் தண்ணி கையைவிட்டுப் போவாதுடா. சோத்தைப் பெசஞ்சா சோறும் துவக்கும்' என்பார். அதைச் சொன்னேன். மேடைக்கு முன்னால் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அவர்கள் கேட்க வந்தது இதை அல்ல.

அந்த அழகான வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். உப்புப் போட்டு வந்த பச்சைத் தோலை ஊறவைக்க வேண்டும். பிறகு சுண்ணாம்புக் குழி. மயிர் கழன்று வரும்வரை நாள்கணக்கில் அதில் கிடக்கும். எடுத்து, மரத்தில் போட்டு, மயிரை வழித்து, மறுபக்கம் ஒட்டிய சதையையும் சவ்வையும் கத்தியால் சீவ வேண்டும். கத்தி தவறினால் தோல் கிழியும், கூலி போகும். சுண்ணாம்பைக் கழுவிய பிறகு ஆவாரம்பட்டைச் சாறு. முதலில் நீர்த்த சாறு, பிறகு கெட்டிச் சாறு என்று குழிக்குக் குழி மாற்ற வேண்டும். குழியில் இறங்கித் தோலைப் புரட்டிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் கடுக்காய்த் தண்ணீர், எண்ணெய், உலர்த்தல். மாட்டுத் தோல் என்றால் எல்லாம் முடிய ஒரு மாதத்துக்கு மேலாகும். ஆவாரம்பட்டை போதாமல் பின்னாளில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. பட்டை மாறியது, குழியில் நிற்கிற கால் மாறவில்லை.

இந்தத் தோலுக்கு உலகச் சந்தையில் பெயர் 'கிழக்கிந்தியத் தோல்'. சென்னை மாகாணத்திலிருந்து கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போனது. இந்த முறையைச் சீர்படுத்தியவர் என்று தொழில் வரலாறு எழுதியவர்கள் ஒரு பெயரைச் சொல்கிறார்கள்: 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வாழ்ந்த சார்லஸ் டி சூசா என்கிற யூரேசியர். சரி, அவர் சீர்படுத்தியிருக்கட்டும். அவருக்கு முன்பே ஆவாரம்பட்டையை இடித்து, தோலைப் பையாகத் தைத்துத் தொங்கவிட்டுப் பதனிட்டுக்கொண்டிருந்த சேரிக்காரனுக்குப் பெயர் இல்லையா? அவன் அறிவு அறிவாகவே கணக்கில் வரவில்லை. துரை கைபட்டால் தொழில்நுட்பம், நாம் செய்தால் சாதித் தொழில். உழைக்கிறவர்கள் பக்கத்திலிருந்து எழுதிய புத்தகம் ஒன்று வர 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவலைச் சொல்கிறேன். 2012-இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. படிக்காதவர்கள் தேடிப் படியுங்கள்.

இந்தப் பித்தலாட்டம் வெள்ளைக்காரனோடு தொடங்கியதல்ல. இங்கிருந்து சிதம்பரம் எவ்வளவு தூரம்? அங்கேதான் நந்தன் கதை நடக்கிறது. பெரியபுராணமே சொல்கிறது: கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தவர் அவர். தோல் உள்ளே போனது. நரம்பு உள்ளே போனது. மாட்டின் வயிற்றிலிருந்து எடுத்த கோரோசனை சாமி பக்கத்திலேயே போனது. கொடுத்தவர் வெளியே நின்றார். உள்ளே போக அவர் நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது. பொருளை எடுத்துக்கொள், ஆளை வெளியே நிறுத்து. பார்ப்பனியத்தின் பொருளாதாரம் மொத்தமும் இவ்வளவுதான். இன்றைய கடை அட்டை அதையே நாசூக்காகச் செய்கிறது.

புதுச்சேரிக்காரர்கள் பெருமையாகச் சொல்கிற செருப்புக் கதை ஒன்று உண்டு. 1873-இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனார். வெள்ளைக்கார நீதிபதி அனுமதிக்க மறுத்தார். அவர் பாரிஸ் வரை வழக்காடி வென்றார். நல்ல போராட்டம்தான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு பிள்ளைமாரின் காலில் கிடந்த சப்பாத்து வரலாறாகிறது. அதே காலத்தில் ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த ஆயிரமாயிரம் பேர் எந்தப் பாரிஸுக்குப் போவது? பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கம் ராஜாவூரில் சுமார் 60 தலித்துகள் ஆதிக்கசாதித் தெரு வழியாகச் செருப்புப் போட்டு நடந்தார்கள். அதுவே செய்தியானது. அதுவரை அங்கே நடக்க முடியாது என்பதுதான் செய்தி. செருப்பைத் தைக்கலாம், போடக் கூடாது. பாரம்பரியம் என்று பேச வருகிறவர்கள் இந்தப் பாரம்பரியத்தையும் அட்டையில் எழுதுவார்களா?

இனி சட்டத்துக்கு வருவோம். 'புவிசார் குறியீடு வாங்கிவிட்டோம், கைவினைஞர் பிழைத்துக்கொள்வார்' என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். கிழக்கிந்தியத் தோலுக்குத் தமிழ்நாட்டில் குறியீடு இருக்கிறது. கோலாப்பூரிச் செருப்புக்கு 2019-இல் கிடைத்தது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிரித்துப் படியுங்கள். கைவினைப் பொருளை 'உற்பத்தி செய்பவர்' யார் என்பதற்கு அது தரும் விளக்கத்தில், செய்கிறவரோடு அதை வாங்கி விற்கிற வியாபாரியும் சேர்த்தி. எப்படி இருக்கு பார்த்தீங்களா? குழியில் நின்றவனும் உற்பத்தியாளன், கல்லாவில் உட்கார்ந்தவனும் உற்பத்தியாளன். இந்தச் சட்டம் பெயரைக் காப்பாற்றும். கூலியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

2025 ஜூனில் இத்தாலிய நிறுவனமான பிராடா, மிலான் மேடையில் கோலாப்பூரிச் செருப்பைத் தன் சரக்குபோல நடக்கவிட்டது. ஊர் பேரைக்கூடச் சொல்லவில்லை. கூச்சல் எழுந்த பிறகுதான் இந்தியச் செருப்பைப் பார்த்துச் செய்தது என்று ஒப்புக்கொண்டது. பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் போன பொதுநல வழக்கு, வழக்குப் போட்டவர்கள் குறியீட்டின் உரிமையாளர்கள் அல்ல என்று தள்ளுபடியானது. பிறகு, அந்த டிசம்பரில், மகாராஷ்டிர, கர்நாடக அரசுகளின் தோல் தொழில் கழகங்களோடு பிராடா ஒப்பந்தம் போட்டது. 2,000 ஜோடி, ஒரு ஜோடி சுமார் 800 யூரோ என்று அறிவிப்பு. அந்த 800 யூரோவில் தைத்தவர் கைக்கு எவ்வளவு? பதனிட்டவர் கைக்கு எவ்வளவு? கவனியுங்கள்: குறியீடு அந்த இரண்டு கழகங்களின் கையில் இருந்ததால்தான் பேரமாவது நடந்தது. இது நமக்கு ஒரு பாடம். தமிழ்நாட்டுத் தோலுக்கும் புதுச்சேரிக் கடைக்கும் நடுவில் அப்படிப் பேரம் பேசத் தொழிலாளர்களின் அமைப்பு எது?

இந்த இடத்தில் நம் தோழர் ஒருவர் கேட்பார்: 'பறையை மீட்டெடுத்தோமே, தோலை மீட்டெடுக்கக் கூடாதா? தாத்தா தொழிலைப் பெருமையாச் செஞ்சா என்ன தப்பு?' நியாயமான கேள்வி. ஆனால் பறை எப்போது நம் கலையானது? சாவுக்கு அடிக்க மாட்டோம், ஊருக்கு அடிமைச் சேவகம் செய்ய மாட்டோம் என்று மறுத்த பிறகுதான். மறுப்பு முதலில் வந்தது, பெருமை அதன் பின்னால் வந்தது. மறுக்க உரிமை இல்லாதவன் கையில் இருப்பது கலை அல்ல, விலங்கு.

அம்பேத்கர் இதைத் தெளிவாகவே செய்து காட்டினார். 1927-இல் மகாடில், செத்த மாட்டை இழுப்பதை நிறுத்துங்கள் என்று மகார் மக்களிடம் சொல்லப்பட்டது. உடனே ஆதிக்கசாதிக்காரர்களுக்கு நம்மேல் கரிசனம் பொங்கியது. தோலுக்கு இவ்வளவு, எலும்புக்கு இவ்வளவு, கொம்புக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு, ஐயோ, இந்த வருமானத்தை இழக்கிறார்களே என்று 'கேசரி' பத்திரிகையில் எழுதினார்கள். 1956 அக்டோபர் 15 நாக்பூர் உரையில் அம்பேத்கர் இதை நினைவுபடுத்தினார். அவ்வளவு லாபம் என்றால் நீங்களே அந்த வேலையைச் செய்யுங்கள், மேற்கொண்டு நானே பணம் தருகிறேன் என்பதுதான் அவர் பதில். இன்றைக்குப் 'பாரம்பரியம் அழிகிறதே' என்று கண்ணீர் விடுகிறவர்களுக்கும் அதே பதில்தான்.

அந்த வேலையைச் செய்தால் மட்டும் விடுகிறார்களா? 2002 அக்டோபரில் ஹரியானாவின் ஜஜ்ஜார் அருகே மாட்டுத்தோல் விவகாரத்தில் 5 தலித்துகளை அடித்தே கொன்றார்கள். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்தவர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்குக் குஜராத் தலித்துகள் என்ன செய்தார்கள்? செத்த மாடுகளைக் கொண்டுபோய் ஆட்சியர் அலுவலகத்தில் போட்டார்கள். உங்கள் தாய், நீங்களே அடக்கம் செய்யுங்கள் என்றார்கள். எங்களுக்கு நிலம் கொடு என்று கேட்டு நடந்தார்கள். தோலுக்குப் பதில் நிலம். அதுதான் அரசியல்.

நமக்குள்ளும் பேச வேண்டியது ஒன்று உண்டு. பறையை மேடையில் ஏற்றிய நம் இயக்கம், செருப்புத் தைக்கிறவனை மேடையில் ஏற்ற ஏன் இவ்வளவு தயங்குகிறது? 2009-இல் தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தபோது நம் ஆட்களே முகம் திருப்பினார்கள். 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் உள்ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்புச் சொன்ன பிறகும் முணுமுணுப்பு ஓயவில்லை. மேலே இருப்பவன் நம்மைத் தள்ளிவைத்தால் சாதிவெறி, நாம் கீழே ஒருத்தனைத் தள்ளிவைத்தால் அதற்கு என்ன பேர்?

ஆகவே நான் கேட்பது இவைதான். முதலாவது, பாரம்பரியம் என்று விலை வைக்கிற செருப்பில் பதனிட்டவர்கள், தைத்தவர்கள் யார், அவர்களுக்குக் கொடுத்த கூலி எவ்வளவு என்பதும் இருக்க வேண்டும். இரண்டாவது, புவிசார் குறியீட்டின் உரிமை தொழிலாளர்களின் கூட்டுறவுக்கு வர வேண்டும். வியாபாரியை 'உற்பத்தியாளர்' ஆக்குகிற விளக்கம் மாற வேண்டும். மூன்றாவது, இந்தத் தொழில் நாட்டின் சொத்து என்றால் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வந்து குழியில் இறங்கிக் கற்கட்டும். குழிக்கு எங்களையும் கல்லாவுக்கு உங்களையும் பிறப்பு பிரித்துவைக்கக் கூடாது. நான்காவது, இந்த வேலை வேண்டாம் என்கிற எங்கள் பிள்ளைக்கு நிலமும் படிப்பும் வேண்டும்.

மாணவத் தோழர்களே, அடுத்த முறை யாராவது உங்களிடம் தாத்தாவின் கலையைப் பற்றி அழகாகப் பேசச் சொன்னால், கூலிக் கணக்கைக் கேளுங்கள். பங்கைக் கேளுங்கள். அதைக் கொடுக்க மனமில்லாதவர்கள் தங்கள் பாரம்பரியத்தைத் தாங்களே சுமக்கட்டும். சுண்ணாம்புக் குழி காலியாகத்தான் கிடக்கிறது.